வீல் வெயிட்டா, லினோடைப்பா: ரைஃபிள் குண்டு வார்க்க எந்த ஈயம்?

வீட்டிலேயே ஈயக் குண்டு வார்த்து, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி தோட்டா கட்டுவது அமெரிக்காவில் பலருக்கு நெடுநாள் பழக்கம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே பேசுவதெல்லாம் அமெரிக்க நிலவரம்தான். புதிதாக இறங்குகிறவர் எந்த அச்சு வாங்கலாம், எந்த உருக்குப் பானை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார். என்னைக் கேட்டால், முதலில் முடிவு செய்ய வேண்டியது ஈயத்தை. சுத்த ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் சுமார் 5. ரைஃபிள் வேகத்துக்கு அது போதாது. வெள்ளீயமும், ஈயத்தைக் கடினமாக்கும் ஆண்டிமனி என்ற உலோகமும் சேர வேண்டும்.

லினோடைப் உலோகத்தைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. பத்திரிகை அச்சகங்களில் வரி வரியாக எழுத்து வார்த்த அதே கலவை: ஈயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். கடினம் 22 அளவில். சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே உருகி, அச்சின் ஒவ்வொரு மூலையிலும் போய் நிறையும். எழுத்தின் மெல்லிய விளிம்பு கூடத் தெளிவாக விழ வேண்டும் என்றுதானே அதை உண்டாக்கினார்கள்! குண்டின் பள்ளங்கள் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ஆனால் எழுத்து வார்க்கத் தேவையில்லாத ஆஃப்செட் அச்சு முறை வந்தபின் வரத்து குறைந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. வேட்டைக்கு இது ஆகாது. எலும்பில் பட்டால் விரிவதற்குப் பதில் உடையும்.

டயர் கடையில் வீல் பேலன்ஸிங் செய்யும்போது ரிம்மில் மாட்டும் எடைத்துண்டுகள், அதாவது வீல் வெயிட், அடுத்தது. கிளிப் வைத்தவற்றில் ஏறக்குறைய 3 சதவீதம் ஆண்டிமனி இருக்கும்; கடினம் 12 வாக்கில். ஒட்டும் வகை கிட்டத்தட்ட சுத்த ஈயம், அதைத் தனியே வையுங்கள். கலிஃபோர்னியா 2010-இல் ஈய எடைகளைத் தடை செய்தது. இப்போது ஒரு வாளி எடை வாங்கினால் அதில் இரும்பும் துத்தநாகமும் நிறையவே கலந்து வருகின்றன. துத்தநாகம் உருகிக் கலந்துவிட்டால் உலோகம் கஞ்சிபோல் திரண்டு, அச்சில் ஒழுங்காக நிறையாது. இதற்கு வழி இருக்கிறது. கட்டிங் பிளையரால் ஒவ்வொன்றையும் கடித்துப் பாருங்கள்: ஈயம் வெண்ணெய்போல் அழுந்தும், துத்தநாகம் வழுக்கும். அதிலும் தப்பியது பானையில் மாட்டிக்கொள்ளும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூட்டை 370-க்குக் கீழே வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம்.

பணம் போனால் போகட்டும், பொறுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்பவருக்கு லைமேன் நம்பர் 2: ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5. கடினம் 15. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதே இதன் பெரிய குணம்.

இவற்றில் எது? என் ஓட்டு வீல் வெயிட்டுக்கே. கடினம் கூடினால் குழலில் ஈயம் ஒட்டாது என்று நம்பி லினோடைப்புக்கு ஓடுகிறார்கள். ஒட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவுதான். குண்டைச் சுழற்ற ரைஃபிள் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் விட்டம் 0.308 அங்குலம் என்றால் குண்டு 0.309-ஆவது இருக்க வேண்டும். தளர்வான குண்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும், அதன் ஓரமாக வாயு சீறிப் பாய்ந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். .30-30 வின்செஸ்டர் போன்ற மிதமான தோட்டா சுடும் ரைஃபிளுக்கு, 2 சதவீதம் வெள்ளீயம் சேர்த்த வீல் வெயிட்டும், குண்டின் அடியில் மாட்டும் சிறு செம்புத் தொப்பியான கேஸ் செக்கும் போதும். கூட்டின் வாயைக் கொஞ்சம் விரித்துவிட்டு குண்டை வையுங்கள். இல்லாவிட்டால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவி, பார்த்துப் பார்த்து வைத்த அளவைக் கெடுத்துவிடும். வெடிமருந்து அளவை வார்ப்புக் குண்டுக்கென்றே அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.

.45-70 என்ற பழைய தோட்டாவைக் கருமருந்து போட்டுச் சுடுகிறவர்களின் கணக்கே வேறு. அவர்கள் 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலப்பார்கள், ஆண்டிமனியே கிடையாது. மருந்து வெடிக்கும் அழுத்தத்தில் அந்த மென்மையான குண்டு கொஞ்சம் பருத்துக் குழலை நிறைக்கும்.

எந்த உலோகமானாலும் பானைப் பக்கம் தண்ணீர் வரக்கூடாது. ஈரமான ஒரு எடைத்துண்டு உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால் நீராவி வெடித்து மொத்தத்தையும் முகத்தில் அடிக்கும். கசடுத்தூள்தான் உடம்புக்குள் ஈயத்தைக் கொண்டுபோகும். அதனால் காற்றோட்டமான இடம், தனிப் பாத்திரம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், அப்புறம்தான் சாப்பாடு. குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

லினோடைப் கட்டி ஏதாவது கைக்கு வந்தால் தனியாக உருக்கி வீணாக்க வேண்டாம். வீல் வெயிட் பானையில் குண்டு சரியாக நிறையாமல் விளிம்பு மழுங்கி விழும் நாளில் ஒரு துண்டு போடுங்கள்; அடுத்த ஊற்றிலேயே விளிம்பு திருந்துவதைப் பார்க்கலாம்.