ஊர்ச் செய்திக்கு எது: கொழும்புப் பேப்பரா, முகநூல் பேஜா, ஊர் வாரப் பத்திரிகையா?

பத்திரிகையின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவரிடம் மட்டக்களப்பில் நின்று ஒன்று கேட்கலாம்: எந்தப் பத்திரிகையின் காலம்? யாழ்ப்பாணத்துக்கு 1959இல் ஈழநாடு வந்தது, 1985இல் உதயன் வந்தது. எங்கள் பக்கத்திலும் அவ்வப்போது ஏடுகள் தலைகாட்டின, நின்றும் போயின. காலையில் கடையில் தொங்குவது பெரும்பாலும் கொழும்பில் அச்சாகி இரவோடு இரவாக வந்து சேரும் பேப்பர்தான். வீரகேசரிக்கு 1930இலிருந்து ஒரு வரலாறு, தினகரனுக்கு 1932இலிருந்து. எழுதுவதற்கு ஆளில்லாமல் இந்த நிலை வரவில்லை. வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் சிவராமும் மட்டக்களப்புக்காரர். உயிரைக் கொடுத்து எழுதியவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அச்சு மட்டும் பெரும்பாலும் வெளியூரில் இருந்தது.

ஆகவே இங்கே போட்டி கடதாசிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில் மட்டும் நடப்பதல்ல. கொழும்புப் பேப்பரின் பிராந்தியப் பக்கம் ஒன்று, முகநூல் பேஜும் வட்ஸ்அப் குறூப்பும் ஒன்று, ஊரிலேயே அச்சாகும் வாரப் பத்திரிகை மற்றொன்று என்று மூன்று கட்சிகள் இருக்கின்றன.

வேகத்தில் வெல்வது யார் என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. மாரியில் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தால் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரருக்கு அது அந்த மணித்தியாலமே தெரிய வேண்டும். நாளைக் காலைப் பேப்பரில் வந்து என்ன பயன்? வட்ஸ்அப் குறூப் வென்றது, விடுவோம்.

மரண அறிவித்தல் அவ்வளவு லேசாகத் தீராது. ‘பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை நீளும் அந்தக் கட்டம் தமிழ்ப் பேப்பர்களுக்குச் சோறு போட்ட விளம்பரம். முஸ்லிம் ஊர்களில் அந்தச் சந்தை முன்பும் பெரிதாக இருந்ததில்லை. ஜனாஸா பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடக்கப்பட்டுவிடும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியே போதும். இப்போது தமிழ் ஊர்களிலும் படத்தைச் சுற்றிப் பூ, விளக்கு எல்லாம் வைத்து, வாசகம் மாறாமல், அறிவித்தல் பேஜில் ஏறிவிடுகிறது. கீழே நூறு பேர் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடுகிறார்கள். பேப்பர் அச்சாகுமுன் பிரேதம் எடுக்கும் நேரம் கட்டாரில் இருக்கும் மகனுக்குத் தெரிந்துவிடுகிறது. இதிலும் பேஜுக்கே வெற்றி. ஆனால் ஒரு விசயம்: கனடாவில் 2023 ஓகஸ்டிலிருந்து செய்தி நிறுவனங்களின் பதிவுகளை முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா காட்டுவதில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் பெறாமகள் ஊர்ச் செய்தித் தளத்தின் பேஜைத் திறந்தால் வெறுமைதான். வாசகரிடம் செய்தி சேர்வதா இல்லையா என்பதை ஊரில் இருக்கும் ஆசிரியர் தீர்மானிப்பதில்லை.

இனி அம்பாறைக்கு வருவோம். 2018 பெப்ரவரி 26 இரவு, நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் கிடந்த ஏதோ ஒரு கட்டியைக் காட்டி, கருத்தடை மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்கிறார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஊழியர், சுற்றி நிற்கும் கும்பலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுகிறார். அந்த வீடியோ முகநூலில் ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அடுத்த வாரம் கண்டியிலும் முஸ்லிம் கடைகளுக்குத் தீ. கடைசியில் அரச பகுப்பாய்வாளர் சொன்னது: அது மாவுக் கட்டி. வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மேயில். அம்பாறை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரைப் பிடித்து, சாப்பாட்டில் போட்டால் ஆளை மலடாக்கும் மாத்திரை உண்டா என்று கேட்க ஐந்து நிமிசம் போதும். அந்த ஐந்து நிமிசத்தைச் செலவழிப்பது தன் வேலை என்று நினைக்கிற ஒருவர் பேஜில் இருக்கவில்லை.

அச்சில் வருவதெல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 2019 மேயில், ஒரு முஸ்லிம் டொக்டர் நாலாயிரம் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்ற கதையை முதல் பக்கத்தில் போட்டது ஒரு சிங்கள நாளேடுதான். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. வித்தியாசம் என்னவென்றால், பேப்பருக்கு விலாசம் இருக்கிறது, ஆசிரியர் பெயர் இருக்கிறது, முறைப்பாட்டைக் கொண்டுபோக 2003இலிருந்து பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. பேஜ் என்ன செய்யும்? பிழையான பதிவைச் சத்தமில்லாமல் அழிக்கும். ‘மேலதிக விபரம் விரைவில்’ என்று போட்டதன் மேலதிக விபரம் எப்போதாவது வந்து நீங்கள் பார்த்ததுண்டா?

எனக்கு இந்த அலசலில் முக்கியமாகப் படுவது சபை அமர்வு. 2023 மார்ச்சில் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை அவை உறுப்பினர் இல்லாமல், அதிகாரிகளின் கையில் ஓடின. இப்போது மாதாமாதம் அமர்வு நடக்கிறது. ஒரே அமர்வு மூன்று இடத்தில் எப்படி வருகிறது என்று பாருங்கள். பேஜில் ஒரு உறுப்பினர் எழுந்து கையை நீட்டிக் கத்தும் இரண்டு நிமிசத் துண்டு, அதுவும் பெரும்பாலும் அவருடைய ஆளே எடுத்து அனுப்பியது. கொழும்புப் பேப்பரில் ‘சபையில் அமளி துமளி’ என்று இரண்டு பந்தி. பிராந்திய நிருபரைக் குறை சொல்லவும் முடியாது. பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, வெளிவந்த செய்திக்குத்தான் காசு. நாள் முழுக்கச் சபையில் குந்தியிருந்தால் அவருக்குக் கட்டாது. சந்தைக் கடைக் குத்தகை யாருக்குப் போனது, பாதீட்டில் எந்த வட்டாரத்துக்கு எந்த றோட்டு, யார் கையுயர்த்தினார், யார் வெளியே போனார் என்பதெல்லாம் இரண்டிலும் வராது.

வாரப் பத்திரிகைக்கு இடம் இருப்பது இங்கேதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குத்தகைக் கணக்கைக் கேட்டு விண்ணப்பம் போட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘சற்றுமுன்’ என்று பிழைக்கிற பேஜுக்கு 14 வேலை நாள் ஒரு யுகம். வாரப் பத்திரிகைக்கு அது மூன்று இதழ். மயிலத்தமடு, மாதவணை மாட்டுப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தபோது முதல் நாள் லைவ்களுக்குக் குறைவில்லை. மேய்ச்சல் தரையின் எல்லை எது, எந்தத் திணைக்களம் எப்போது என்ன வாக்குறுதி தந்தது என்பதைத் திகதி வாரியாக வைத்திருக்கும் ஊர் ஏடு ஒன்று இருந்திருந்தால், ஒவ்வொரு புதிய அதிகாரியிடமும் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கல்முனையை எடுத்தால் இன்னொரு காரணமும் தெரியும். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரத்தைத் தமிழர் குறூப்பில் படித்தால் ஒரு கல்முனை, முஸ்லிம் குறூப்பில் படித்தால் வேறொரு கல்முனை. குறூப் தன் ஆட்களுக்கு மட்டும் பேசினால் போதும். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும், பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற ஏடு, இரண்டு பக்கத்தாரையும் கேட்டுத்தான் எழுத வேண்டும். அறத்துக்காக இல்லாவிட்டாலும் வியாபாரத்துக்காக.

காசுதான் இடிக்கிறது. அச்சுக் கடதாசி இறக்குமதிப் பொருள். 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் தி ஐலண்ட், திவயின போன்ற பெரிய ஏடுகளே சனிக்கிழமை அச்சை நிறுத்தின. பேஜுக்கு அந்தச் செலவில்லை. ஆனால் அதற்கும் கத்தி உண்டு: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல தடவை அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2019இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மட்டக்களப்புக்குச் செய்தி மிகத் தேவைப்பட்ட நாட்களில்தான் அது நடந்தது.

என்னைக் கேட்டால் நாளேட்டுக் கனவை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை எட்டுப் பக்கம் போதும்: சபை, நீதிமன்றம், காணி, பாடசாலை, வைத்தியசாலை. வெள்ளமும் விபத்தும் மரணமும் அதே பெயரில் ஒரு வட்ஸ்அப் சனலுக்குப் போகட்டும். தனியாக ஓடும் பேஜைவிடவும், கொழும்பிலிருந்து வரும் அரைப் பக்கத்தைவிடவும் இதுவே ஊருக்குத் தோதானது. முதல் வருசத்தை ஓட்ட டியூட்டரியும் நகைக்கடையும் கல்யாண மண்டபமும் தரும் விளம்பரம் காணாது. சபைகள் குத்தகைக்கும் கேள்விப்பத்திரத்துக்கும் கொழும்புப் பேப்பரில் கொட்டும் விளம்பரக் காசில் ஒரு பங்கு இங்கே திரும்ப வேண்டும். அதைத் தரப்போகிறவர்களும், அந்த ஏடு கணக்குக் கேட்கப்போகிறவர்களும் ஒரே தவிசாளர்கள் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அதனால் எந்தச் சபையிடமிருந்து எவ்வளவு வந்தது என்பதை இரண்டாம் பக்கத்தில் மாதாமாதம் அச்சடித்துவிட வேண்டும்.