பெட்டா மீனின் சேதமான துடுப்புக்குச் சுத்தமான தண்ணீரா, உப்பா?

துடுப்பு ஒரே ராத்திரியில் கிழிந்து, ஓரம் நிறம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் செடியில் உரசியதோ மீன் தானே கடித்துக்கொண்டதோதான். ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்தால் அது அழுகல். கிழிசலுக்கு உப்பே வேண்டாம். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, சூட்டை 26 டிகிரியில் நிறுத்தி, அம்மோனியா (மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சு) பூஜ்யமாக இருந்தால் போதும், கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வு மெதுவாக முளைக்கும் (அதையே நோய் என்று பயந்தவன் நான்). லேசான அழுகலுக்கும் முதலில் தண்ணீர்தான். நிற்கவில்லையா, சரி, அப்புறம் மீன்தொட்டி உப்பு: 4 லிட்டருக்கு 1 டீஸ்பூன், கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், 10 நாளுக்கு மேல் கூடாது. உப்பு ஆவியாகாது, அதனால் மாற்றிய தண்ணீர் அளவுக்கு மட்டும் திரும்பச் சேருங்கள். அழுகல் உடம்பை நெருங்கிவிட்டால் இரண்டும் பத்தாது, மருந்துதான்.