தாத்தாவுக்கு டிபி, வீட்டில் சின்னப் பிள்ளை: 6 மாத மாத்திரையா, 12 வார மாத்திரையா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரே அறைதான் வீடு. அங்கே தாத்தாவின் சளியில் டிபி கிருமி இருப்பது தெரிந்தால், அவர் மடியிலேயே கிடக்கும் பேரப்பிள்ளையையும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 5 வயதுக்குள் தொற்றினால் அது நோயாக மாறும் ஆபத்து அதிகம். மூளையைத் தாக்கவும் கூடும். "பிறந்ததும் போடும் டிபி தடுப்பூசி, பிசிஜி ஊசிதான் போட்டாச்சே" என்பார்கள். அந்த ஊசி கடுமையான வகைகளைக் குறைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, விளையாடாமல் சோர்ந்து கிடப்பது என எதுவும் இல்லை, நோய் இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகே, கிருமி நோயாக மாறாமல் காக்கும் தடுப்பு மருந்து. உள்ளே நோய் இருக்கும்போது இதைக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

தடுப்பு மருந்துக்கு இரண்டு வழி. முதல் வழி, ஐசோனியசிட் என்ற டிபி மருந்து மட்டும், தினமும், 6 மாதம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. கரண்டியில் நுணுக்கித் தண்ணீர் விட்டால் வேலை முடிந்தது. கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். ஆனால் நன்றாக ஓடியாடும் பிள்ளைக்குத் தினமும் மருந்து எதற்கு என்று மூன்றாம் மாதமே வீட்டில் கை தளர்ந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

இரண்டாவது, ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் என்ற இன்னொரு டிபி மருந்து, வாரம் ஒருமுறை, 12 வாரம். சுமார் 180 வேளைக்குப் பதில் 12 வேளை! ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 2 வயது ஆகாத பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. ஒரே நாளில் நாலைந்து மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும்; நுணுக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டலாம், சாப்பாட்டோடு கொடுத்தால் உடலில் நன்றாகவே சேரும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம்.

2 வயது தாண்டிய பிள்ளைக்கு, மருந்து கிடைத்தால், நான் 12 வாரத்தைத்தான் சொல்வேன். பாதியில் நின்ற 6 மாதத்தைவிட முடித்த 12 வாரம் மேல். கைக்குழந்தைக்கு 6 மாதம்தான். அப்புறம் பாட்டியையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா வேலைக்குப் போனாலும் வேளை தப்பாது.

தாத்தாவுக்கு வந்திருப்பது மருந்துக்கு அடங்காத டிபி என்றால் இந்த இரண்டுமே உதவாமல் போகலாம். அதனால் அவருடைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த வழியானாலும் பிள்ளைக்குப் பசியே இல்லாமல் போனாலோ, வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.