இருபத்தொன்றாவது கால்: அசல் ஃபேமிகாமுடன் ஐந்து ஆண்டுகள்

சூப்பர் மரியோவின் முதல் பள்ளத்திலேயே விழுந்துவிட்டேன். பள்ளிக்கூட நாட்களில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தாண்டிய பள்ளம் அது. நிண்டெண்டோவின் பழைய ஜப்பான் வீடியோ கேம் பெட்டியான அசல் ஃபேமிகாமை வாங்கி, ஒருவழியாகத் திரையில் படம் வரவைத்து, முதல் ஆட்டம் ஆடிய இரவில் இப்படி நடந்தது. வயதாகிவிட்டது, கை மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான்கைந்து நாள் கழித்துத்தான் விளங்கியது. கை எதையும் மறக்கவில்லை, பெட்டிதான் வேகமாக ஓடுகிறது.

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். ஜப்பான் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம் நாட்டின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவி 50 முறை. நகல் செய்தவர்கள் கணக்குப் போடும் சிப்பின் வேகத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, திரை வரையும் வேகத்தை மட்டும் 50க்கு இறக்கினார்கள். மரியோ திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓரடி வைப்பவர். ஆகவே நம் வீடுகளில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். பாட்டும் அதே கணக்கில் இழுத்துப் பாடியது. சுருதி மட்டும் அநேகமாக மாறவில்லை. பழைய நினைவுக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர், பரணில் கிடக்கும் நகல் பெட்டியைத் தேடி எடுப்பதே நல்லது. அசல் வேறு பொருள். எனக்கு அந்த வேற்றுமை பிடித்துப்போனது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

நிண்டெண்டோ இதை 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு வெளியிட்டது. வெள்ளையும் அரக்குச் சிவப்பும் கலந்த பெட்டி, பக்கவாட்டில் செருகிவைக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள். முதல் தயாரிப்புகளில் கன்ட்ரோலர் பொத்தான்கள் சதுர ரப்பராக இருந்தன. அவை சிக்கிக்கொள்ளும், ஓரம் தேயும் என்பதால் பின்னர் வட்டமான கடினப் பொத்தான்களுக்கு மாறினார்கள். சேகரிப்பவர்களுக்குச் சதுரப் பொத்தான் மேல் மோகம் அதிகம். ஆடுபவர்கள் வட்டத்தை வாங்குங்கள்.

2019இல் டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருந்தபோது வாங்கினேன். உண்மையில் இரண்டு வாங்கினேன், முதலாவது தண்டம். இணைய ஏலத்தில் ‘ஏவி மாற்றம் செய்யப்பட்டது, அப்படியே டிவியில் செருகலாம்’ என்று ஒருவர் போட்டிருந்தார். ஏவி என்றால் படமும் ஒலியும் நேராகக் கம்பி வழியாக டிவிக்குப் போவது. வந்து சேர்ந்த பெட்டியின் முதுகில், சூட்டுக்கோலாலேயே பிளாஸ்டிக்கை உருக்கித் துளைத்த மூன்று ஓட்டைகள். உள்ளே பசைத்துப்பாக்கியின் பசை மலைபோல் குவிந்திருந்தது, அதற்குள் எங்கோ ஒரு டிரான்சிஸ்டர். படம் வந்தது. நீல வானத்தின் மேல் சிறைக் கம்பிகளைப் போலச் செங்குத்தாகக் கோடுகளும் வந்தன. மாற்றம் செய்த பெட்டியை வாங்கினால், யாரோ ஒருவரின் அவசரத்தையும் சேர்த்து வாங்குகிறோம். தொடாத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்பது அந்தப் பணம் எனக்குச் சொன்னது.

இரண்டாவதைப் பழைய பொருள் கடை ஒன்றின் ‘ஜங்க்’ அடுக்கில் எடுத்தேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் திருப்பித்தர முடியாது என்று பொருள்படும் சீட்டு ஒட்டியிருப்பார்கள். 3,000 யென் சொச்சம். வெள்ளைப் பகுதி பல் கறைபோல் மஞ்சளித்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பார்கள், நான் செய்யவில்லை. மஞ்சள் ஆட்டத்தைத் தடுப்பதில்லை.

இந்தப் பெட்டிக்குப் படம் வெளியேற ஒரே வழி ஆர்எஃப்தான், அதாவது தானே ஒரு சிறிய டிவி நிலையம்போல் ஜப்பானின் ஒன்றாம் அல்லது இரண்டாம் சேனலில் ஒளிபரப்பும். 2011 ஜூலையில் ஜப்பானின் பெரும்பகுதியில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். புதிய டிவிக்கு இந்த மொழி தெரியாது. நான் அதே கடையில் ஒரு பழைய வீடியோ டெக்கையும் வாங்கி, அதன் டியூனரில் ஒன்றாம் சேனலைப் பிடித்து, அங்கிருந்து மஞ்சள் பின் வழியாக டிவிக்குக் கொண்டுபோனேன். லேசாக மணல் தூவியதுபோல் இருந்தாலும் அந்தப் படம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பெட்டியைத் திறக்காமலே ஆட முடிந்தது. ஜப்பானில் இருப்பவர் யாராவது கேட்டால், சால்டரிங் கம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு டெக்கைத் தேடுங்கள் என்றே இன்றும் சொல்வேன்.

2021இல் கோவைக்குத் திரும்பியபோது அந்த வழி அடைபட்டது. டெக்கைத் தூக்கிவர முடியவில்லை. ஜப்பானின் ஒன்றாம் சேனல் 91.25 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. நம் ஊரில் அது பண்பலை வானொலியின் இடம். அம்மா வீட்டில் இருந்த 21 அங்குல டியூப் டிவியில் தானியங்கித் தேடலை ஓடவிட்டேன். ஓரிடத்தில் மரியோ கறுப்பு வெள்ளையில், ஊமையாக வந்து நின்றார். ஒலியை எந்த இடைவெளியில் வைப்பது என்பதில் இரு நாட்டு முறைகளும் வேறு, நிறத்தை எழுதும் முறையும் வேறு. இனி மாற்றம் செய்தே தீரவேண்டும் என்ற நிலை.

செய்வதென்றால் எதைச் செய்வது? இந்த இடத்தில் ஆறு மாதம் தள்ளாடினேன். இணையத்தில் படிப்பவர்கள் எல்லோரும் ஆர்ஜிபி மாற்றத்தில்தான் போய் விழுவார்கள், நானும் விழுந்தேன். ஃபேமிகாமின் படச் சிப், 2சி02 என்பது, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எதையும் வெளியே தருவதில்லை. எல்லா நிறமும் ஒரே கம்பியில் கலந்துவரும் காம்போசிட் அலையைத்தான் நேரடியாகத் தரும். மற்ற பல பழைய பெட்டிகளில் உள்ளே எங்கோ ஆர்ஜிபி இருக்கும், ஒரு கம்பியை இழுத்துவந்தால் போதும். இதில் இழுப்பதற்கே ஒன்றும் கிடையாது. ஆகவே படச் சிப்பின் 40 கால்களையும் கழற்றி எடுத்து, இடையில் ஒரு புதிய பலகையை வைத்து, சிப் என்ன வரைகிறது என்பதை அந்தப் பலகை ஒட்டுக்கேட்டு நிறத்தைத் தானே உருவாக்க வேண்டும். கிடைக்கும் படம் கத்தி முனைபோல் இருக்கும், மறுக்கவில்லை. 40 ஆண்டுப் பழைய பலகையில் செப்புத் தடங்கள் ஈயத்தோடு சேர்ந்து தோல்போல் உரிந்துவரும் என்பதையும் மறுக்க முடியாது. அந்தச் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

1993 டிசம்பரில் நிண்டெண்டோவே ஏவி வெளியீட்டோடு ஒரு மறுவடிவம் கொண்டுவந்தது. நிம்மதி வேண்டுபவருக்கு அதுதான் சரியான விடை. விலை மட்டும் கூடுதல். எனக்கு அதில் ஒரு குறை. பழைய பெட்டியின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட் பொத்தானுக்குப் பதில் ஒரு மைக் இருக்கும். புதியதில் அதை எடுத்துவிட்டார்கள். ஜெல்டா ஆட்டத்தில் முயல் காது வைத்த ஓர் எதிரி, மைக்கில் கத்தினால் செத்துப்போகும். மைக்கைப் பயன்படுத்தும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் என் மகளுக்கு இந்தப் பெட்டியில் பிடித்தது அது ஒன்றுதான். ஆட்டம் எதுவானாலும் மைக்கில் பேசுவாள்.

கடைசியில் காம்போசிட் மாற்றமே போதும் என்று முடிவுசெய்தேன். ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். காந்திபுரத்தில் டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேல்மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க தம்பி, நாங்கள் அந்தக் காலத்தில் பழுது பார்த்த பெட்டிகளில் கறுப்புத் தார் பொட்டு ஒன்றுதான் இருக்கும். இதில் சிப்பெல்லாம் ஒழுங்காகக் காலோடு உட்கார்ந்திருக்கிறதே!” என்றார்.

சிறைக் கம்பிக் கோடுகளுக்குக் காரணம், படம் புறப்படும் தடம் பலகையில் மற்ற எண்ம அலைகளின் பக்கத்திலேயே நெடுந்தூரம் போவது. அவற்றின் இரைச்சல் இதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே படம் வெளியேறும் காலை, மூலையில் இருக்கும் 21ஆம் காலை மட்டும், பலகையிலிருந்து தூக்கி அங்கிருந்தே கம்பி எடுக்க வேண்டும். நான் எழுதிக்கொண்டுபோன தாளை அவர் இரண்டு முறை படித்தார். பழைய ஈயம் லேசில் உருகாது என்று சொல்லி, அதன் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயத்தை வைத்தார். பிறகு செப்புப் பின்னலை வைத்து அழுத்தி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தார். தையல் ஊசி ஒன்றைக் காலுக்கு அடியில் விட்டு, மூச்சுவிடாமல், ஒரு நெல்மணி அளவு நிமிர்த்தினார். கால் சிப்பின் வயிற்றோடு ஒடிந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஒடியவில்லை. ஒரு காலுக்கே எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நாற்பதை எண்ணிப் பார்த்தேன்.

துளை எதுவும் போட வேண்டாம் என்பது என் நிபந்தனை. பின்னால் இருக்கும் ஆர்எஃப் ஜாக்கையே வீடியோவுக்கு எடுத்துக்கொண்டோம். சேனல் மாற்றும் குட்டி சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளி வழியாக ஒலிக் கம்பியை வெளியே விட்டோம். கழற்றியதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்எஃப் இனி எதற்கு என்று அந்தப் பலகையை முழுதாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் அதே பலகையில்தான் குடியிருக்கிறது. அங்கிருந்த பெரிய கெப்பாசிட்டரை மட்டும் அன்றே புதிதாக மாற்றினோம்.

டியூப் டிவியில் இப்போது படம் நன்றாக இருக்கிறது. கோடுகள் முழுதாகப் போகவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மரியோவின் வானத்தை உற்றுப் பார்த்தால் தெரியும், ஆடும்போது தெரியாது. சிவப்பு ஓரங்களில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஊரும், அது காம்போசிட்டின் பிறவிக்குணம். தட்டை டிவியில் போட்டுப் பார்த்தேன், வேண்டாம். பொத்தானை அழுத்துவதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே ஒரு சோம்பல் தெரிகிறது. தட்டை டிவி மட்டுமே வைத்திருப்பவர் இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவோடு இந்தப் படத்தைத் தட்டை டிவிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் ஒரு நல்ல கருவியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். அது பெட்டியின் விலையைத் தாண்டும்.

காண்ட்ரா ஆட்டத்தின் ஜப்பான் கேசட்டைப் போட்ட அன்று முதல் கட்டத்தில் ஆடாமல் அப்படியே நின்றுவிட்டேன். பின்னணியில் மர இலைகள் காற்றில் அசைந்தன. சிறுவயதில் என்னிடம் இருந்த கேசட்டில் அவை ஒருநாளும் அசைந்ததில்லை.

ஐந்து ஆண்டுகளில் கெட்டுப்போனவை எவை என்று பார்த்தால், நான் பயந்தவை எதுவும் இல்லை. சிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாற்றம் செய்த இடம் ஒருமுறைகூடத் தொல்லை தரவில்லை. மேலிருந்து நேராகச் செருகும் அமைப்பு என்பதால் கேசட் வாயும் உறுதியாக இருக்கிறது. ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். காது துடைக்கும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். போனது இரண்டாவது கன்ட்ரோலரின் கம்பி. இந்தப் பெட்டியில் கன்ட்ரோலரை வெளியிலிருந்து கழற்ற முடியாது, கம்பியும் குட்டை. இழுத்து இழுத்து, கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் உள்ளிழைகள் அறுந்தன. பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளக் இருக்கிறது, ஆகவே மாற்றுவது எளிது. வாங்கும்போது பலகையை விட அந்தக் கம்பியின் கழுத்தைத்தான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அடாப்டரும் போனது, அது வீட்டு விபத்து. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. தட்டை முள் நம் சுவர்ப் பிளக்கில் நுழையாது என்று தைரியமாக இருந்தேன். ஸ்பைக் பஸ்டரின் எல்லா வாய்க்கும் பொருந்தும் துளையை மறந்துவிட்டேன். மாமா மகன் செருகினான். ஒரு நிமிடத்தில் கருகல் வாடை. பெட்டி பிழைத்தது, 7805 உள்ளே 35 வோல்ட் வரை தாங்கும் என்பதால் இருக்கலாம். புது அடாப்டர் வாங்கும்போது இன்னொரு பொறி காத்திருந்தது. ஃபேமிகாமுக்கு நடு முனை எதிர்மின், கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மின். 9 வோல்ட் அடாப்டரின் கம்பியை வெட்டி, மாற்றி ஒட்டி, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருகினேன்.

வட்டில் ஆட்டங்களை ஓட்டும் டிஸ்க் சிஸ்டம் இணைப்பையும் சேர்த்து வாங்கலாமா என்று இருவர் கேட்டார்கள். அதன் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் கறுப்புக் கூழாகிவிடும். பெல்ட் மாற்றத் தெரிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஆசையை அடக்குங்கள்.

தள்ளாடிய அந்த ஆறு மாதத்தில் அவசரப்பட்டு ஓர் ஆர்ஜிபி பலகையும் வாங்கித் தொலைத்தேன். உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் கன்ட்ரோலர் கம்பிக்காக அண்ணனிடம் போனபோது அதையும் எடுத்துக்காட்டினேன். நாற்பது கால் என்றதும் உறையைத் திறக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்தார்.