குத்துவதா, ஒட்டுவதா, கேட்பதா? அம்மாவின் இனிப்பு நீருக்கு ஓர் ஒப்பீடு

பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. அதற்குள் விரலைக் குத்தும் ஊசிகள், ஸ்ட்ரிப் டப்பா, குளுக்கோமீட்டர், கிளினிக் அட்டை, விபூதி மடித்த காகிதம் எல்லாம் கிடக்கும். போன தீபாவளிக்குப் பிறகு புதிதாக ஒரு காலி பிளாஸ்டிக் கிண்ணமும் சேர்ந்திருக்கிறது. கையில் ஒட்டும் சென்சரை அழுத்திப் பொருத்துகிற கருவி அது. போதாததற்கு என் கைப்பேசியில் இரண்டு செயலி, ஒரு ஏஐ. “ஒரு ஆளோட ரத்தத்த பாக்க இவ்வளவு சாமானா?” என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

நம் வீடுகளுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, புது வியாதி இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர் பாயசத்தைத் தள்ளி வைக்க வேண்டியவர். தள்ளி வைக்கிறாரா என்பது வேறு கதை.

எங்கள் வீட்டில் ஒப்பீடு தொடங்கியதற்கு ஒரு புதிர்தான் காரணம். அம்மாவின் நோட்டில் காலை வெறும் வயிற்று எண்கள் அழகாக வரிசை கட்டி நின்றன: 6.2, 6.5, 5.9 மில்லிமோல் (நம் கிளினிக்குகளில் சர்க்கரையை அளக்கும் அலகு). ஆனால் மூன்று மாத இனிப்பைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை 8.9 விழுக்காடு என்று எகிறி வந்தது. கிளினிக் டாக்டர் நோட்டைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். “ஆன்ட்டி, ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது” என்றார். எது பொய் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை சாமானும் வீட்டுக்குள் வந்தன. அதனால் எந்தக் கருவி புத்திசாலி என்று இங்கே பார்க்கப் போவதில்லை. இந்தப் புதிரை எது அவிழ்த்தது, யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றுதான் பார்க்கிறேன்.

விரலைக் குத்துவது

பழசு, மலிவு, வலிக்கும். நான் வாங்கும் ஸ்ட்ரிப் ஒன்று ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்று மேலே வருகிறது. சர்வதேசத் தரக்கட்டுப்பாட்டின்படி, 5.6 மில்லிமோலும் அதற்கு மேலும் உள்ள நூறு அளவீடுகளில் 95, ஆய்வக எண்ணிலிருந்து 15 விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்குள் வந்தால் மீட்டர் தேறியது என்று அர்த்தம். அதாவது உண்மை 10 என்றால் மீட்டர் 8.5 காட்டினாலும் 11.5 காட்டினாலும் குற்றம் இல்லை. காலையில் 6.2, நாளைக்கு 6.8 என்று வந்ததற்குப் பயந்து நடுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு விஷயம், கை கழுவுவது. ஒரு நாள் அம்மா மாம்பழம் நறுக்கிவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டு குத்தினார். 16.4 என்று வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி குத்தினால் 7.9. ரத்தத்தில் இல்லாத இனிப்பு விரல் நுனியில் இருந்தது.

இதன் பெரிய குறை துல்லியம் இல்லை, நேரம். நீங்கள் கேட்கிற நேரத்துக்கு மட்டும்தான் மீட்டர் பதில் சொல்லும். அம்மா காலை ஆறரைக்கு மட்டும் கேட்டார், அது ஆறரைக்கு மட்டும் பதில் சொன்னது. நோட்டு பொய் சொல்லவில்லை. பாதி நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

கையில் ஒட்டுவது

நான் வாங்கிய சென்சர் 14 நாள் தாங்கும் வகை. ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு, மேல்கையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி தோலுக்கடியில் போகும். இது ரத்தத்தை நேராக அளப்பதில்லை. செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளந்து, கணக்குப் போட்டு எண் சொல்கிறது. அதனால் ரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும். விலை இருநூற்றைம்பது வெள்ளியை ஒட்டி வந்தது. (டெக்ஸ்காம் கம்பெனி இதே மாதிரி சென்சர்களை இங்கே பினாங்கு மாநிலத்திலேயே, பத்து காவானில் செய்கிறது. பக்கத்தில் தொழிற்சாலை இருப்பதால் நம் கடையில் விலை குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.)

புதிரை அவிழ்த்தது இதுதான், அதுவும் மூன்றே நாளில். வரைபடத்தில் காலை முழுக்க சமதரை. மதியம் ஒரு சின்ன மேடு. சாயங்காலம் நான்கே முக்காலுக்கு மட்டும் பினாங்குக் கொடிமலை மாதிரி ஒரு ஏற்றம்: 14.6. தினமும் அதே நேரம். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், நுரை பொங்கும் தே தாரிக் (கெட்டிப் பால் ஊற்றி இழுத்து ஆற்றிய தேநீர்) ஒன்று, கூடவே ஏதோ ஒரு பலகாரம். வீட்டில் கொசோங் (சீனி இல்லாமல்) குடிப்பவர், வெளியே போனால் சீனி போட்டுக் குடித்திருக்கிறார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். சென்சரின் எண் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் வேலை செய்யும் என் கைப்பேசிக்கும் வரும்படி வைத்திருந்தேன். மறுநாள் 4.50க்கு அம்மாவுக்குப் போன் போட்டு, “இப்ப தே தாரிக் குடிச்சீங்களா?” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கைல ஒட்டவிட்டு ஒட்டுக் கேக்குறியா?” என்றார். ஒன்பதாம் நாள் குளிக்கும்போது அதைப் பிய்த்து எறிந்துவிட்டார். மிச்சம் ஐந்து நாள், கிட்டத்தட்ட தொண்ணூறு வெள்ளி, வடிகாலில் போனது.

அதற்கு முன் ஓர் இரவும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு என் கைப்பேசி அலறியது: 3.1. அம்மா க்ளிக்ளசைட் மாத்திரை எடுப்பவர், அது சர்க்கரையைக் கீழே இறக்கக்கூடியது. 3.9க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். போனை எடுக்கவில்லை. 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. கதவைத் தட்டி எழுப்பி விரலைக் குத்தினால் 6.8. சென்சர் ஒட்டிய கையை அடியில் போட்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அந்த இடம் அழுந்தினால் சென்சர் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கடையில் விற்றவர் இதைச் சொல்லவில்லை, பெட்டிக்குள் இருந்த தாளை நானும் படிக்கவில்லை. சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், அதனால் ஒட்டினாலும் பழைய மீட்டரைத் தூக்கிப் போட முடியாது.

இன்சுலின் போடுபவருக்கும், ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்குபவருக்கும் சென்சர் காசுக்குத் தகும், எப்போதும் ஒட்டலாம். மாத்திரை மட்டும் எடுக்கும் அம்மா மாதிரி ஆளுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும். அதுவும் வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது: சாப்பாட்டுக்கு முன் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து, ஒரு நாள் காலை, ஒரு நாள் மதியம், ஒரு நாள் சாயங்காலம் என்று மாற்றி மாற்றி இரண்டு வாரம். மொத்தம் 28 ஸ்ட்ரிப், முப்பத்தைந்து வெள்ளிக்குள் முடியும். அந்த நான்கு மணி மலையை இதுவும் காட்டிக் கொடுத்திருக்கும். காசு போன பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

கையில் கட்டினாலே சர்க்கரை தெரியும் என்று விளம்பரத்தில் வரும் கைக்கடிகாரத்தை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பெரியப்பா வாங்கிய ஒன்றை வெள்ளரிக்காயில் கட்டிப் பார்த்தோம். வெள்ளரிக்காய்க்கு 5.6. நல்ல கட்டுப்பாடு.

ஏஐயிடம் கேட்பது

அம்மாவின் எண்ணைத் தமிழிலேயே கேட்டேன்: சாப்பிட்ட பிறகு 11.2, நல்லதா கெட்டதா? பதில் தமிழில் மணிமணியாக வந்தது. சாப்பிடுவதற்கு முன் 80 முதல் 130 வரை இருக்கலாம் என்று தொடங்கியது. பின்னால் நின்று படித்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “நூத்தி முப்பது வரைக்கும் இருக்கலாமாம்! என்னுது பதினொண்ணுதானே!”

அந்த எண்கள் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் புழங்கும் மில்லிகிராம் கணக்கு. நம் கிளினிக்குகளில் மில்லிமோல். நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண். 11.2 என்பது 200ஐத் தாண்டும். “நான் மலேசியாவில் இருக்கிறேன், மில்லிமோலில் சொல்” என்று ஒரு வரி சேர்த்ததும் ஏஐ ஒழுங்காகச் சொன்னது. அந்த ஒரு வரி தெரியாத ஆளிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்?

சாப்பாட்டைப் படம் பிடித்தால் மாவுச்சத்துக் கணக்குச் சொல்லும் செயலி ஒன்றையும் பார்த்தேன். இடியப்பத்தை மீகூன் (அரிசி சேமியா) என்றது. அதைக்கூட மன்னிக்கலாம். தே தாரிக் கோப்பைக்குள் எத்தனை கரண்டி பால் சீனி என்பது எந்தக் கேமராவுக்கும் தெரியாது, எங்கள் பிரச்சினையே அந்தக் கோப்பைதான்.

ஆனால் ஏஐ பயன்பட்ட இடம் ஒன்று இருக்கிறது, நன்றாகவே பயன்பட்டது. ஆங்கிலத்தில் வந்த ரத்த ரிப்போர்ட்டில் சிறுநீரகத்துக்கான எண் எது, அது இறங்கினால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குப் புரிகிற தமிழில் விளக்கியது. டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தது. மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் அதனிடம் நான் கேட்பதில்லை. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஏற்றுவதற்கு முன் பெயரையும் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணையும் விரலால் மறைத்துவிடுவேன்.

திரையில் டாக்டர், வரிசையில் டாக்டர்

காணொளியில் டாக்டரைப் பார்க்கும் செயலி சளிக்கும் காய்ச்சலுக்கும் வசதி. இனிப்பு நீருக்கு அரைகுறை. காரணத்தை அரசாங்க கிளினிக்கில் நேரில் பார்த்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு போன்ற ஓர் இழையை எடுத்து, அது லேசாக வளையும் வரை பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று மலாயில் கேட்டார். “ரசா?” “ரசா.” “ரசா?” பேச்சில்லை. இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு காசு அளவு இடத்தில் அம்மாவுக்கு உணர்வே இல்லை. ஐந்து வருடமாகச் செருப்பில்லாமல் கோயிலைச் சுற்றிய கால் அது. இதை எந்தத் திரை கண்டுபிடிக்கும்?

கட்டணம் ஒரு வெள்ளி. காத்திருப்பு அரை நாளாக இருந்தது. அரசாங்கத்தின் மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிந்துகொண்டு போவதால் எங்களுக்கு அது குறைந்திருக்கிறது. அடுத்தடுத்த மாத மருந்தைத் தபாலில் வரவழைக்கும் வசதியும் உண்டு. ஏஐ எதுவும் இல்லாத இந்த இரண்டும்தான் என் விடுப்பு நாட்களை உண்மையில் மிச்சப்படுத்தியவை.

கண்ணுக்கு மட்டும் நான் ஏஐ பக்கம் சாய்வேன். இனிப்பு நீர் விழித்திரையைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. படம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. படத்தைப் பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறோம். டாக்டர் இல்லாமல் தானாகவே படித்து முடிவு சொல்லும் முதல் ஏஐக்கு அமெரிக்காவில் 2018லேயே அனுமதி கிடைத்தது. கூகுள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்தவையும் உண்டு. நம் மாதிரி ஆட்களின் கண்ணைப் பார்த்துத்தான் அது கொஞ்சம் படித்திருக்கிறது.

ஆனால் அதே தொழில்நுட்பத்தைத் தாய்லாந்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று கணினி ஏற்க மறுத்தது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மெதுவாக இருந்தது. மறுக்கப்பட்டவரை வேறொரு நாள் கண் நிபுணரிடம் போகச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, யார் போவார்? அதனால் இருட்டறையும் நல்ல கேமராவும் பழகிய மிஸ்ஸியும் இருக்கும் இடத்தில் கண்ணுக்கு ஏஐ, இல்லாத இடத்தில் பழையபடி நிபுணர். இதுதான் என் கணக்கு.

அம்மா கதைக்கு வருகிறேன். ஒன்பது நாள் வரைபடத்தை அச்செடுத்து டாக்டரிடம் கொடுத்தோம். அவர் மருந்தைக் கூட்டவில்லை. நான்கு மணி மலையைப் பேனாவால் வட்டமிட்டு, “ஆன்ட்டி, இத மட்டும் தே ஓ கொசோங் ஆக்குங்க, மத்தத அப்புறம் பாப்போம்” என்றார். பாலும் சீனியும் இல்லாத தேநீர் அது. நான் பத்து முறை சொன்னதை ஒரே முறை கேட்டுக்கொண்டு தலையாட்டினார் அம்மா. அடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் 7.8 விழுக்காடு.

சென்சரை மறுபடி ஒட்ட அவர் சம்மதிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் குத்தி, மீட்டரைப் படம் பிடித்து அவரே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேற்று வந்த படத்தில் 8.1. பின்னால் மங்கலாக ஒரு தட்டு, தட்டில் பாதி கடித்த வடை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன்.