செட்டிநாட்டு வீட்டுக்கு டெக்கோ எம்4 மெஷ் போதுமா?

முகப்பில் வைத்த ரவுட்டர் வளவைத் (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு) தாண்டினால் செத்துப்போகிறது. காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரின் பெரிய வீட்டிலும் கேட்கும் குறை இதுதான். ஃபைபர் வந்துவிட்டது, 100 எம்பிபிஎஸ் பிளானும் போட்டாயிற்று. ஆனாலும் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் உட்கார்ந்தால் வாட்ஸ்அப் படம்கூடச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இதற்கு மருந்தாகப் பலர் யோசிப்பது மெஷ் வைஃபை, அதாவது பல டப்பாக்களை ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையாக ஓடவிடுவது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ எம்4, மூன்று டப்பா கொண்ட செட், இந்த வீடுகளில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 100 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு இது நல்ல பொருள். வைக்கும் இடம் தவறினால் மூன்று என்ன, ஆறு வாங்கினாலும் பயன் இல்லை. 300 எம்பிபிஎஸ்ஸோ அதற்கு மேலோ பிளான் வைத்திருப்பவர்கள் கேபிள் இழுக்கத் தயாராக இல்லையென்றால் இதை வாங்க வேண்டாம்.

எம்4 வைஃபை 5 தலைமுறையைச் சேர்ந்தது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 ஜிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ். இரண்டையும் கூட்டித்தான் பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு கிகாபிட் போர்ட் உண்டு. எதில் வேண்டுமானாலும் கேபிளைச் செருகலாம், அதுவே கண்டுகொள்ளும். யுஎஸ்பி கிடையாது. அமைப்பதெல்லாம் போனில் உள்ள டெக்கோ ஆப் வழியாகத்தான். விளக்கு நீலத்தில் மினுக்கினால் அமைக்கத் தயார், பச்சையில் நிலையாக நின்றால் எல்லாம் சரி, சிவப்பு வந்தால் தொடர்பில் கோளாறு.

பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை நம்பி எத்தனை டப்பா என்று முடிவு செய்யக்கூடாது. அது மெல்லிய சுவர் கொண்ட வீட்டுக்குப் போட்ட கணக்கு. இங்கே வீடு நூறடிக்கு மேல் நீள்கிறது. சுவர் தடித்த செங்கல், மேலே பல பூச்சுச் சுண்ணாம்பு. அலையின் பலம் 3 டெசிபல் குறைந்தால் பாதியாகும், 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். திறந்த வெளியில் 20 மீட்டர் தூரத்துக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 73 டெசிபல் இழக்கிறது. 20 டிபிஎம் பலத்தில் அனுப்பினால் போய்ச் சேர்வது −53 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு இது; பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போகப் பலம் குறைவு). அது அருமையான சிக்னல். வீடியோ தடையின்றி ஓட −67 போதும். −75க்குக் கீழே இழுபறி, −80ஐத் தொட்டால் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதாவது தூரம் இங்கே எதிரி அல்ல. வளவின் ஒரு பக்கத் தாழ்வாரத்திலிருந்து எதிர்த் தாழ்வாரத்துக்கு அலை சுகமாகப் போகும். இடையில் இரண்டு சுவர் வந்தால்தான் −53 மளமளவென்று −80 பக்கம் சரிகிறது. தேக்குக் கதவு அவ்வளவு பெரிய தடை அல்ல, சாத்தியிருந்தாலும் ஓரளவு விடும். சுவர் விடாது. ஓதம் ஏறிய சுவர் இன்னும் மோசம்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. முகப்பில் நின்று பார்த்தால் நிலைக்கு நிலை நேராக, பின்வாசல் வரை கண் போகும். கண் போகிற இடத்துக்கு அலையும் போகும். ஆகவே டப்பாக்களை அந்த நேர்கோட்டில் வைக்க வேண்டும். ஒரு டப்பாவின் பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும், அல்லது ஒரே ஒரு கதவுதான் நடுவில் இருக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, சிக்னல் கிடைக்காத அறைக்குள்ளேயே டப்பாவைக் கொண்டுபோய் வைப்பது. சிக்னல் வராத அறையில் டப்பாவுக்கும் சிக்னல் வராது. அது பச்சையாக எரியும், போனில் முழுக் கோடும் காட்டும், நெட் மட்டும் ஊர்ந்து வரும். நன்றாகக் கிடைக்கும் இடத்தின் விளிம்பில் வைப்பதே சரி.

எந்த இடம் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு முதல் டப்பாவை மட்டும் இயக்குங்கள். போனோடு நேர்கோட்டில் பின்னோக்கி நடங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் −60க்கும் −65க்கும் இடையில் எங்கே வருகிறதோ அங்கே இரண்டாவது டப்பா. உயரம் ஐந்தாறு அடி, நெஞ்சளவுக்கு மேல். பீரோ மேல், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், எவர்சில்வர் தட்டு அடுக்கிய ஸ்டாண்டு ஓரம், பித்தளைச் சாமான் அறை இவையெல்லாம் ஆகாது. கண்ணாடியின் முதுகில் பூசிய உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். முகம் பார்க்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடியை ஒரு உலோகத் தகடாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், முதல் டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பது. லைன் போட வருபவர்கள் தெருவிலிருந்து நுழைந்ததும் முகப்பிலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியானால் இரண்டாவது டப்பா வளவில், மூன்றாவது அடுப்படிப் பக்கம் என்று சங்கிலியாகத்தான் வைக்க முடியும். கம்பியில்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. எம்4இல் டப்பாக்கள் தமக்குள் பேசுவதற்கென்று தனி ரேடியோ இல்லை. உங்கள் போனோடு பேசும் அதே ரேடியோதான் அடுத்த டப்பாவோடும் பேச வேண்டும். கணக்கைப் பாருங்கள்: 867 என்பது காற்றில் பேசும் வேகம். கைக்கு வருவது அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாவலில் 250, இரண்டாவது தாவலில் 125. அதுவும் நல்ல சிக்னல் இருந்தால். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது போதும் என்பதும், 300க்குப் போதாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

ஆகவே லைன் போடும் அன்றே ஃபைபரை வளவு வரை கொண்டுவந்து மோடத்தை அங்கே மாட்டச் சொல்லுங்கள். ஃபைபர் மெல்லியது, உத்திரத்தின் ஓரமாகப் போனால் கண்ணுக்கே தெரியாது. கூர்மையாக மட்டும் மடக்கக்கூடாது, மடிப்பில் ஒளி கசியும். முதல் டப்பா வளவில் இருந்தால் முகப்புக்கு ஒன்று, இரண்டாங்கட்டுக்கு ஒன்று என்று இரண்டும் ஒரே தாவலில் நின்றுவிடும். செலவே இல்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் இது.

கேபிள் இழுக்க மனம் இருந்தால் எம்4 வேறு பொருளாகிவிடுகிறது. டப்பாக்கள் கேபிளில் பேசிக்கொண்டால் ரேடியோ முழுவதும் உங்கள் போனுக்கு. இரண்டு கிகாபிட் போர்ட் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகவும் போடலாம். கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், இந்த வீடுகளுக்கு அது தாராளம். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் நீள ஓட்டத்தில் தகராறு செய்யும். கேபிள் முனையில் பிளக் மாட்டும் கிரிம்பிங்கில் எட்டு கம்பியும் பிடிக்க வேண்டும். ஒரு ஜோடி விட்டாலும் கிகாபிட் போய் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும், அல்லது ஓடாது. 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இணைப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரிம்பிங்கைத்தான். வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை.

எந்த வழியாகக் கேபிளைக் கொண்டுபோவது என்பதில் அக்கறை வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுவரில் பசை டேப் ஒட்டினால், உரிக்கும்போது பூச்சும் கையோடு வந்துவிடும். அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரம் வழியாக, உத்திரத்தின் மேல்விளிம்பில் படுக்கவைத்துக் கொண்டுபோவதே நல்லது. முற்றத்தைக் கடந்து வெட்டவெளியில் போகும் இடத்தில் செம்புக் கேபிளுக்குப் பதிலாக, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளியையும் மின் சிக்னலையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டி) வைத்து ஃபைபர் போடலாம். இடி மின்னல் காலத்தில் நீண்ட செம்புக் கேபிள் மின்பாய்ச்சலை உள்ளே இழுத்துப் போர்ட்டைப் பொசுக்கும். ஃபைபருக்கு அந்தப் பயம் இல்லை.

அமைக்கும்போது அடிக்கடி நேரும் பிழை இரண்டு. மோடமே ரவுட்டராகவும் ஓடிக்கொண்டிருக்க, டெக்கோவும் ரவுட்டராக ஓடினால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க் உருவாகும். பிரவுசிங் நடக்கும், கேமரா, பிரின்டர், சில கேம்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. டெக்கோ ஆப்பில் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (டெக்கோ வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றினால் தீரும், ஆனால் பேரன்ட்டல் கன்ட்ரோல் போன்ற வசதிகள் போய்விடும். அவை வேண்டுமென்றால் மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) மாற்றித்தரச் சொல்லி இணைப்பு தருபவரிடம் கேளுங்கள். எப்படியானாலும் மோடத்தின் பழைய வைஃபையை அணைத்துவிட வேண்டும். இரண்டாவது பிழை, ரவுட்டர் முறையில் இருக்கும்போது துணை டப்பாவின் கேபிளை மோடத்தில் நேராகச் செருகுவது. மோடத்துக்கு அடுத்து முதல் டப்பா, அதன் பின்னால்தான் மற்றவை.

வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். எம்4 இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைப்பதால் அமைக்கும்போது திணறலாம். ஆப்பில் கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபை பெயர்) 2.4க்கு மட்டும் இயக்கி அதில் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கேமராவில் பார்ப்பவர்களுக்கு இது முதல் தேவை.

இத்தனைக்குப் பிறகும் நெட் மெதுவாக இருந்தால் மெஷ்மேல் பழி போடுமுன் குறை லைனிலா வைஃபையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை, வீட்டுக்குள் எதைச் செய்தும் தீராது. விளக்கு சரியாக இருந்தால் பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், அது பெறும் ஒளியின் அளவைப் பாருங்கள். −20 டிபிஎம் சுற்றி இருந்தால் நலம், −27ஐ நெருங்கினால் லைன்மேனைக் கூப்பிட வேண்டும். அடுத்து ஒரு லேப்டாப்பில் இரண்டு பிங் (பதில் வர எத்தனை நேரம் என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: ஒன்று டீஃபால்ட் கேட்வே முகவரிக்கு, அதாவது உங்கள் வீட்டு ரவுட்டருக்கு, இன்னொன்று வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8க்கு. கேட்வேக்கே 2, 3 மில்லிசெகண்டிலிருந்து 200க்குத் தாவினால் குறை உங்கள் வீட்டுக் காற்றில். கேட்வே அசையாமல் நிற்க 8.8.8.8 மட்டும் ஆடினால் குறை வெளியே. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், லைன்மேனோடு வாதாட வேண்டிய அரைநாளை மிச்சப்படுத்தும்.

கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது நிறைவு விழா) என்று வீடு நிறையும் நாளில் எம்4 திணறும். அறுபது போன் ஒரே வளவில் ஒரே ரேடியோவைப் பங்குபோடும்போது, கோடு முழுதாக இருந்தும் முறை வருவது தாமதமாகும். உடம்புகளும் அலையைக் குடிக்கும். அன்று வீடியோ ஒளிபரப்பு இருந்தால் அந்த லேப்டாப்பை டப்பாவின் போர்ட்டில் கேபிளால் இணைத்துவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு மோடத்துக்கும் முதல் டப்பாவுக்கும் ஒரு மினி யுபிஎஸ் போதும். 10,400 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் சுமார் 38 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து 16 வாட் இழுத்தால், மாற்றத்தில் போகும் இழப்பு நீங்க இரண்டு மணி நேரம். வோல்ட் அளவும் செருகும் முனையும் அடாப்டரோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகுங்கள்.

கடையில் காசு கொடுக்குமுன் பெட்டியைத் திருப்பி மாடல் எண்ணைப் படியுங்கள். டெக்கோ இ4 என்பதும் இதே ஏசி1200தான், தோற்றமும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, கேபிள் இழுத்த உழைப்பு வீணாகும். 300, 500 பிளான்காரர்கள் வைஃபை 6 கொண்ட டெக்கோ எக்ஸ்50ஐப் பார்க்கலாம். அதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் 2402 எம்பிபிஎஸ், டப்பாவுக்கு மூன்று கிகாபிட் போர்ட். சுவர் அதற்கும் அதே சுவர்தான் என்பதால், அதையும் நிலைக்கு நேராகத்தான் வைக்க வேண்டியிருக்கும்.