ஹெல்த் சென்டர் சலுகையா, மருத்துவமனை உதவியா?

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் மருத்துவச் செலவைக் குறைக்க எங்கே போவது என்று அடிக்கடி குழம்புவது இதில்தான்.

செலவு: அரசு நிதி பெறும் ஹெல்த் சென்டரில் (உள்ளூர் கிளினிக்) கட்டணச் சலுகைக்கு வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர், இந்த இரண்டு மட்டுமே கணக்கு. வறுமைக் கோட்டுக்குள் (2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு வருடம் 32,150 டாலர்) இருந்தால் முழுத் தள்ளுபடி, மிஞ்சிப்போனால் ஒரு சின்னத் தொகை கேட்பார்கள். அதன் இரண்டு மடங்கு வரை படிப்படியான சலுகை, அதைத் தாண்டினால் கிடையாது.
லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ பில்லைக் குறைக்கும் உதவிக்கான வருமான வரம்பைப் பெரும்பாலும் அவர்களே வைக்கிறார்கள், சேமிப்பைக்கூடக் கேட்கலாம்.

எளிமை: சென்டருக்குச் சம்பளச் சீட்டை முதல் நாளே கையோடு கொண்டு போங்கள். பணம் இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.
மருத்துவமனையில் படிவம் நீளம்தான், ஆனால் முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் கிரெடிட் கார்டைத் தேய்த்து முழுசாகக் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, எது யாருக்கு? சர்க்கரை, பிரஷர், பிள்ளைகளின் தடுப்பூசி என்று திரும்பத் திரும்பப் போக வேண்டியதற்கு சென்டர். ஆபரேஷன், எமர்ஜென்சி என்று பெரிய பில் ஏற்கெனவே வந்துவிட்டதா, மருத்துவமனை பில்லிங் பிரிவில் உதவிப் படிவத்தை இன்றைக்கே கேளுங்கள்.